நன்றித் திருநாளும் வான்கோழியும்

கார்த்திகை மாதத்து அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கும் நாட்களில், புதுச்சேரியின் பழைய தெருக்களில் நடந்து செல்பவர்கள், சிற்சில வீடுகளின் தோட்டப்புறத்திலிருந்து, கோழியின் கொக்கரிப்பும் ஆகாமல் வாத்தின் கத்தலும் ஆகாமல், கூழாங்கற்களைச் செப்புக் குடத்திலிட்டு வேகமாக உருட்டினாற்போன்ற ஒரு விசித்திர ஒலி எழுவதைக் கேட்டிருப்பார்கள். அது வான்கோழியின் குரல். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் மதிலோரம் நின்று கைதட்டிக் கூவினால், அந்தப் பறவை ஒவ்வொரு கூச்சலுக்கும் தவறாமல் பதில் கொடுக்கும். மறுபடி கூவினால் மறுபடியும் கொடுக்கும். பிள்ளைகள் சலித்துப் போவார்களே அன்றி அது சலிக்காது. உரத்த சப்தம் எதைக் கேட்டாலும் எதிர்க்குரல் கொடுப்பது ஆண் வான்கோழியின் சுபாவம். அந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்காத குழந்தை இராது.

சில ஆண்டுகளுக்கு முன், கடற்கரையை அடுத்த கப்ஸ் கோயிலுக்கு அருகில் உள்ள ஒரு வீட்டில், பிரெஞ்சு ராணுவத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் (இவ்வூரில் இத்தகையோரைச் 'சொல்தா' என்று சொல்வது வழக்கம்) கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்கு என்னை அழைத்திருந்தார். நள்ளிரவுப் பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியபோது, மேஜையின் நடுவே, வயிற்றினுள் பூரணம் அடைத்துப் பொன்னிறமாகச் சுடப்பட்ட வான்கோழி ஒன்று பெரிய பீங்கான் தட்டில் வைக்கப்பட்டிருந்தது. பெரியவர் கத்தியை எடுத்து முதல் துண்டை அறுத்து, விடுமுறைக்காகப் பிரான்ஸிலிருந்து வந்திருந்த தம் பேத்தியின் தட்டில் வைத்தார். அந்தச் சிறுமி தட்டை மெதுவாக அப்பால் நகர்த்தினாள்.

"ஏம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் பெரியவர்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல தாத்தா. காலையில அது என்கூடப் பேசிச்சு" என்றாள் சிறுமி.

மேஜையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பெரியவர் மாத்திரம் சிரிக்கவில்லை. கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தவர், "சரி கண்ணு, வேணாம்னா வேணாம்" என்று சொல்லி, அந்தத் துண்டைத் தம் தட்டில் எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பும் அந்த மௌனமும் என் மனத்தை விட்டு இன்னமும் நீங்கவில்லை. வான்கோழியை முன்னிட்டுப் பல தேசங்களில் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் ஹாஸ்யங்களையும், அதை உண்ணலாமா கூடாதா என்று இன்று எழுந்திருக்கும் விவாதத்தையும் பற்றி வாசிக்கும்போதெல்லாம், அந்த மேஜையே என் கண்முன் வந்து நிற்கிறது.

வான்கோழி விருந்துக்கு உலகில் பெயர்பெற்ற தேசம் அமெரிக்கா. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையன்று, அந்நாட்டில் குடும்பத்தார் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒரே கூரையின் கீழ் வந்து கூடி, அவ்வாண்டில் தங்களுக்குக் கிட்டிய நன்மைகளுக்காக நன்றி செலுத்தி, ஒரே மேஜையில் அமர்ந்து போஜனம் செய்வது சம்பிரதாயம். 'தேங்க்ஸ்கிவிங்' என்னும் இந்த நன்றித் திருநாளைப் பொங்கலுக்கு ஒப்பிட்டால் நம் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். இரண்டும் அறுவடையை ஒட்டி எழுந்தவை. இரண்டும் குடும்பம் கூடுகின்ற விழாக்கள். இரண்டின் உட்பொருளும் கிருதக்ஞதை என்னும் நன்றியறிதலே. ஆயினும் பொங்கலன்று நடுநாயகமாக வீற்றிருப்பது பானை. அங்கே வீற்றிருப்பது பறவை. அந்த ஒரு நாளில் மட்டும் சுமார் 4 கோடியே 60 லட்சம் வான்கோழிகள் அமெரிக்க மேஜைகளை அடைவதாக வான்கோழி வளர்ப்போர் சங்கத்தார் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இவ்விழாவின் ஆதிக் கதை 1620-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. 'மேஃப்ளவர்' என்னும் கப்பலில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட 102 பிரயாணிகள் பிளிமத் என்ற இடத்தில் குடியேறினார்கள்; பசியும் குளிரும் நோயும் வருத்த, முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் மாண்டார்கள். எஞ்சியவர்களுக்கு அந்நாட்டுப் பூர்வகுடிகளில் ஒருவரான திஸ்குவாண்டம் என்பவர் மக்காச்சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தார். 1621-ஆம் ஆண்டு அறுவடை முடிந்தபின் அவர்கள் கொண்டாடிய விருந்துக்கு, வாம்பனோவாக் குடிகளின் தலைவர் மாஸசாயிட் தம் ஆட்கள் ஏறக்குறைய 90 பேருடன் வந்து, 5 மான்களை வேட்டையாடிக் கொடுத்து, மூன்று நாள் உடன் தங்கி உண்டார். அவ்விருந்தில் கலந்துகொண்ட எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் எழுதிய கடிதத்தில், நால்வர் சென்று பறவைகளைச் சுட்டுக்கொண்டு வந்த செய்தி இருக்கிறது. மான்களைப் பற்றிய செய்தியும் இருக்கிறது. ஆனால் வான்கோழி என்ற பெயர் அதில் இல்லை. அக்காடுகளில் வான்கோழிகள் திரளாக இருந்தன என்பது மெய். அந்த மேஜையில் இருந்தனவா என்பதற்கு அக்கடிதம் சான்று கூறவில்லை.

அப்படியானால் வான்கோழியை அம்மேஜையின் நடுவில் அமர்த்தியது யார்? இதில் பெரும்பங்கு ஒரு பெண்மணிக்கு உரியது. நம் ஊர்க் கான்வென்ட் பள்ளிகளில் படித்த குழந்தைகள் எல்லோரும் பாடியிருக்கும் மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டை 1830-ஆம் ஆண்டில் வெளியிட்ட சாரா ஜோஸஃபா ஹேல் என்பவரே அவர். 1827-இல் அவர் எழுதிய 'நார்த்வுட்' என்ற நாவலில் நன்றித் திருநாள் விருந்தை விரிவாக வருணித்து, மேஜையின் தலைமை ஸ்தானத்தைச் சுட்ட வான்கோழிக்குக் கொடுத்தார். பின்னர்ப் பெண்களுக்கான ஒரு புகழ்பெற்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்துகொண்டு, இத்திருநாளைத் தேசம் முழுவதும் ஒரே நாளில் கொண்டாட வேண்டுமென்று ஜனாதிபதிகளுக்குக் கடிதத்தின்மேல் கடிதமாக எழுதிவந்தார். உள்நாட்டு யுத்தத்தில் சகோதரனைச் சகோதரன் கொன்றுகொண்டிருந்த 1863-ஆம் ஆண்டில், அக்டோபர் 3-ஆம் தேதியன்று, ஆபிரகாம் லிங்கன் அதற்கான பிரகடனத்தை வெளியிட்டார். நான்காவது வியாழன் என்பது 1941-இல் சட்டமாயிற்று. ஆட்டுக்குட்டியின் அன்பைப் பாடிய கையே வான்கோழி விருந்தின் பெருமையையும் பரப்பியது என்பதை அவ்வம்மையாரின் குறையாக நான் கருதவில்லை. ஒரு பிராணியை மடியில் வைத்துக் கொஞ்சியபடியே மற்றொன்றை இலையில் வைத்து உண்பது மனித ஜாதி முழுவதற்கும் பொதுவான இயல்பு. நாமும் அதற்கு விலக்கல்ல.

இனி வான்கோழி ஹாஸ்யத்துக்கு வருவோம். இந்தப் பறவையைப் பற்றிய பிரசித்தமான பரிகாசங்களுள் மூன்று, பிரெஞ்சு மண்ணோடும் பிரெஞ்சு மொழியோடும் தொடர்புடையவை என்பது புதுச்சேரி வாசகர்களுக்குச் சுவையளிக்கும். முதலாவது, பெஞ்சமின் பிராங்க்ளின் 1784 ஜனவரியில், பாரிஸ் நகரை அடுத்த பாஸி என்ற இடத்திலிருந்து தம் மகளுக்கு எழுதிய கடிதம். ராணுவ அதிகாரிகளின் சங்கம் ஒன்று செய்வித்த பதக்கத்தில் பொறித்திருந்த கழுகு, பார்வைக்கு வான்கோழி போலவே இருக்கிறதென்று சிலர் குறை கூறினார்கள். பிராங்க்ளினோ, அதனால் தமக்கு வருத்தமில்லை என்றார். மீன் பிடித்து உண்ணும் பருந்து பாடுபட்டுப் பிடித்த மீனைப் பறித்துத் தின்னும் சோம்பேறி கழுகு. வான்கோழியோ சற்றே டம்பமும் அசட்டுத்தனமும் உடையதானாலும் கண்ணியமான பறவை, அந்த மண்ணுக்கே உரிய பறவை, தன் முற்றத்துள் அந்நியன் நுழைந்தால் எதிர்த்து நிற்கும் தீரம் உடைய பறவை என்பது அவருடைய வாதம். வான்கோழியைத் தேசியப் பறவையாக்கும்படி அவர் முறையாகப் பிரேரணை செய்ததாகப் பலர் நம்புவது சரியன்று. தந்தை மகளிடம் விளையாட்டாகச் சொன்ன சொல்லே அவ்வாறு வளர்ந்துவிட்டது.

இரண்டாவது, உணவின் சுவையைப் பற்றி 1825-இல் ஓர் அழியாத நூலை வெளியிட்ட பிரெஞ்சு நியாயாதிபதி பிரியா சவரேன் சொன்ன கதை. பிரெஞ்சுப் புரட்சியின்போது உயிர் தப்பி அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்திருந்த அவர், 1794 அக்டோபரில் ஹார்ட்ஃபோர்ட் நகருக்கு அருகே ஒரு குடியானவரின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கி, காட்டில் ஒரு வான்கோழியைச் சுட்டு வீழ்த்தினார். விடைபெறும் வேளையில் அந்த வயோதிகக் குடியானவர் அவரைத் தனியே அழைத்து, தம் நிலம், தம் மக்கள், தம் தேசத்தின் சுதந்திரம், லேசான வரி ஆகியவற்றைக் குறித்து உருக்கமாகப் பேசினார். திரும்பி வரும் வழியெல்லாம் சவரேன் ஆழ்ந்த யோசனையில் மூழ்கியிருந்தார். குடியரசின் மாண்பைப் பற்றிய சிந்தனைதான் என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் அந்த வான்கோழியை எப்படிச் சமைப்பது என்பதே தம்மை ஆட்கொண்டிருந்த யோசனை என்று அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.

மூன்றாவது, 1950-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் இருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆர்ட் புக்வால்ட், நன்றித் திருநாள் இன்னதென்று பிரெஞ்சுக்காரர்களுக்கு விளக்குவதாக எழுதிய கட்டுரை. விழாவின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'லெ ஜூர் தெ மெர்சி தொனான்' ஆக்கினார். பிளிமத் குடியேற்றத்தின் படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் என்பவரின் பெயரில் மைல் இருக்கிறதல்லவா? பிரான்ஸில் மைல் கணக்கு இல்லையே என்று அதைக் 'கிலோமீட்டர்' ஆக்கினார். 'ஸ்டாண்ட்' என்றால் நிற்பதாயிற்றே என்று அதற்கு ஈடாகத் 'தெபூ' என்ற சொல்லைச் சேர்த்தார். இரண்டு மொழியும் அறிந்த புதுச்சேரிவாசி ஒருவர் இதைக் கேட்டால் விலாநோகச் சிரிப்பார். அமெரிக்கப் பத்திரிகைகள் அக்கட்டுரையை ஆண்டுதோறும் நவம்பரில் மறுபடி மறுபடி வெளியிட்டு வந்தன.

பிரெஞ்சு மொழியில் இன்னும் ஒரு நயம் உண்டு. சமையற்கட்டில், பறவையின் வயிற்றினுள் அடைக்கும் பூரணத்துக்கு 'ஃபார்ஸ்' என்று பெயர். நாடக மேடையில் நடிக்கும் சிரிப்புக் கூத்துக்கும் 'ஃபார்ஸ்' என்றே பெயர். பழங்காலத்தில் பக்தி நாடகங்களின் நடுவே ஜனங்களுக்குக் களைப்புத் தெரியாமல் இருக்கச் சிரிப்புக் காட்சிகளைப் பூரணம்போல் அடைத்து வைத்ததனால் வந்த பெயர் அது. எல்லோரும் சேர்ந்து ஏமாற்றிச் சிரிக்கும்படி அகப்பட்டுக்கொண்டவனை, 'ஃபார்ஸில் அகப்பட்ட வான்கோழி' என்னும் பொருள்பட அவர்கள் சொல்வார்கள். பூரணமும் பரிகாசமும் ஒரே சொல்லாக அமைந்து, அவ்விரண்டுக்கும் இலக்காவது ஒரே பறவையாக இருப்பதை நோக்கினால், உண்பதும் சிரிப்பதும் மனித மனத்தில் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருக்கின்றன என்பது தெரிகிறது.

இப்பறவையின் பெயர்களும் ஒரு பெரிய வேடிக்கை. அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய இதை, துருக்கி தேசத்து வர்த்தகர்களோடு தொடர்புபடுத்தி ஆங்கிலேயர் 'டர்க்கி' என்றார்கள். துருக்கியரோ இதை 'ஹிந்தி' என்கிறார்கள். டச்சுக்காரர் நம் கோழிக்கோட்டின் பெயரைச் சேர்த்துக் 'கால்கூன்' என்றனர். அவர்கள் ஆண்ட இலங்கையில் சிங்களவர் 'களுக்கும்' என்று வழங்குவது அதிலிருந்து வந்ததே. போர்ச்சுகீசியருக்கு இது 'பெரு'. பிரெஞ்சுக்காரருக்கு 'தேந்த்', அதாவது 'இந்தியாவினுடையது'. கொலம்பஸ் தாம் கண்ட கரையை இந்தியா என்று மயங்கியதன் சுவடு, ஒரு பறவையின் பெயரில் ஐந்நூறு ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறது. இந்தியாவின் பெயர் பூண்ட அந்தப் பறவையைப் பிரெஞ்சுக்காரர் தங்கள் கிறிஸ்துமஸ் விருந்தின் அலங்காரமாக்கினார்கள். அவர்களுடைய வழக்கத்தைப் பின்பற்றும் புதுச்சேரிக் குடும்பங்களின் மேஜைக்கும் அது அவ்வழியே வந்து சேர்ந்தது. இந்தியப் பறவை என்று தவறாகப் பெயர் பெற்ற ஒன்று, உலகத்தைச் சுற்றிக்கொண்டு மெய்யாகவே இந்தியாவை அடைந்தது.

அது நம் தேசத்தை அடைந்தபோது வரவேற்றவர் ஒரு சக்கரவர்த்தி. 1612-ஆம் ஆண்டில் முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாத் துறைமுகத்தில் வாங்கிய அபூர்வப் பொருள்களுடன் ஒரு வான்கோழியையும் மொகலாயப் பாதுஷா ஜஹாங்கீரின் சமூகத்துக்குக் கொண்டுவந்தார். பாதுஷா வியந்து போனார். மயிலைப் போலத் தோகை விரிப்பதையும், தலையும் கழுத்தும் பச்சோந்தியைப் போலக் கணத்துக்குக் கணம் நிறம் மாறுவதையும் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். அரசவை ஓவியர் மன்சூர் தீட்டிய வான்கோழிச் சித்திரம் இன்றும் லண்டன் நகரத்துக் காட்சிசாலை ஒன்றில் இருக்கிறது. அமெரிக்காவில் இப்பறவையை முதலில் கண்ட ஸ்பானியரும் மயிலின் பெயராலேயே இதை அழைத்தனர். சாஸ்திரீயப் பெயரிலும் கோழியும் மயிலும் சேர்ந்தே இருக்கின்றன. நம் ஔவையார் இயற்றிய மூதுரையில், கல்லாதவன் கவி பாடுவதற்கு, மயிலைக் கண்டு தானும் ஆட முற்பட்ட வான்கோழி உவமையாக வருவதைத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் படித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பறவை இக்கரைக்கு வருமுன்பே அச்செய்யுள் எழுந்திருந்தால், அங்கே வான்கோழி என்றது வேறொரு பறவையாகத்தான் இருக்க வேண்டும். எப்படியாயினும், பல தேசத்தாரும் இதை மயிலோடு ஒப்பிட்டார்கள், ஒப்பிட்டபின் சிரித்தார்கள். மயிலாக வேண்டும் என்று வான்கோழி ஒருபோதும் விரும்பியதில்லை. தன் பேட்டின் முன்னே தன் சொந்தத் தோகையையே அது விரிக்கிறது.

இத்தனை சிரிப்பும் எதற்காக என்று யோசித்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. 1947-ஆம் ஆண்டிலிருந்து வான்கோழி வளர்ப்போர் சங்கத்தார் ஆண்டுதோறும் அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு பறவையைக் காணிக்கையாகக் கொடுத்து வருகிறார்கள். 1963 நவம்பர் 19-ஆம் தேதி, நல்ல உணவாக அமையட்டும் என்று வாழ்த்தும் அட்டையைக் கழுத்தில் மாட்டி ஒரு வான்கோழியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, ஜனாதிபதி கென்னடி அது பிழைத்துப் போகட்டும் என்றார். மூன்றே நாளில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989-இல் மூத்த ஜார்ஜ் புஷ் தம் முன்னே நின்ற பறவைக்குப் பகிரங்கமாகப் பொதுமன்னிப்பு வழங்கினார். அது முதல் மன்னிப்பு வழங்குவதே ஆண்டுச் சடங்காகிவிட்டது. கூடியிருப்போர் சிரிக்கிறார்கள். ஆனால் மன்னிப்பு என்பது குற்றம் செய்தவருக்குக் கொடுப்பதல்லவா? அந்தப் பறவை என்ன குற்றம் செய்தது? கோடிக்கணக்கான பறவைகள் மேஜைக்குப் போகும் வேளையில் ஒன்றை மாத்திரம் விடுவித்து மகிழ்கிற மனத்தின் ஆழத்தில் ஒரு கூச்சம் இருக்கிறது. கூச்சம் உள்ள இடத்தில் மனிதர் சிரிப்பைப் போர்வையாகப் போர்த்துகிறார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் சிறுமியின் சொல்லைக் கேட்டு எழுந்த சிரிப்பும் அத்தகையதே என்று நான் உணர்கிறேன்.

அந்தக் கூச்சமே இன்று விவாதமாக வளர்ந்திருக்கிறது. உண்ணலாகாது என்போரின் வாதம் பலமானது. அமெரிக்கப் பண்ணைகளில் வளர்க்கப்படும் அகன்ற மார்புடைய வெள்ளை வான்கோழி, மார்புத் தசை மிகுதியாக வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன் விளைவாக, தானாக இணைசேரவும் இயலாத நிலையை அடைந்துவிட்டது. செயற்கை முறையிலேயே அதன் இனம் விருத்தியாகிறது. காட்டு வான்கோழி பறந்து சென்று மரக்கிளையில் துயில் கொள்ளும். பண்ணை வான்கோழி தன் பாரத்தைத் தானே சுமக்க முடியாமல் கால் நோகத் தள்ளாடும். பிராணிகளை வதைக்காமல் வெட்ட வேண்டுமென்று 1958-இல் அமெரிக்காவில் இயற்றிய சட்டம், ஆடு மாடு பன்றிகளுக்கு ஆகுமே அன்றி, கோழிக்கும் வான்கோழிக்கும் ஆகாதென்று அந்நாட்டு அரசாங்கம் கொண்டிருக்கிறது. நாடு முழுவதும் நன்றி கூறும் நாளின் பிரதான பிராணி, சட்டத்தின் இரக்கத்துக்கு வெளியே நிற்கிறது. இதனால் மனம் நொந்தவர்கள் சிலர், 1986-இல் தோன்றிய புகலிடப் பண்ணை ஒன்றின் மூலம், நன்றித் திருநாளில் வான்கோழியை உண்பதற்குப் பதில் அதன் போஷணைக்குப் பொருள் கொடுத்து உதவுகிறார்கள். சோயாவைக் கொண்டு வான்கோழிபோலச் செய்த 'டோஃபர்க்கி' என்ற பண்டம் 1995-இல் வந்தது. முதலில் பரிகாசத்துக்கு ஆளான அது இன்று கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து எழுந்த ஆட்சேபம் பறவையைக் காட்டிலும் பெரிய விஷயத்தைக் குறித்தது. 1621-இல் மான்களை வேட்டையாடிக் கொடுத்து உடன் உண்ட குடிகளின் சந்ததியார், பின்னர் நிலத்தையும் உயிரையும் இழந்தார்கள். ஆகவே 1970 முதல், அதே வியாழக்கிழமையன்று பூர்வகுடி மக்கள் பிளிமத்தில் கூடித் துக்க தினம் அனுஷ்டித்து வருகிறார்கள். உண்ட இடத்தை மறந்த நன்றி நன்றியாகாது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது.

உண்ணலாம் என்போரின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைக் கேளாமல் தீர்ப்புச் சொல்வது தருமமாகாது. தாத்தாவும் பாட்டியும் பேரன் பேத்திகளும் ஆண்டில் ஒருமுறை கூடி, ஒரே பறவையைப் பகிர்ந்து உண்ணும் வழக்கத்தில் பாசம் இருக்கிறது, நினைவு இருக்கிறது. நம் பகுதியில் வான்கோழி வளர்ப்பவரோ ராட்சதப் பண்ணைகளின் முதலாளி அல்லர். கொல்லையில் பத்து இருபது பறவைகளை விட்டு, கீரையும் தவிடும் கொடுத்து, கிறிஸ்துமஸ் காலத்து விற்பனையைக் கொண்டு பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிற எளியவர்களும் அவர்களுள் உண்டு. கோழிக்குஞ்சு 21 நாளில் பொரிந்தால் வான்கோழிக் குஞ்சுக்கு 28 நாள் வேண்டும். பொரிந்த பின்னும் அது தானாகத் தீனி பொறுக்கக் கற்பதற்குள் பட்டினியால் மடிந்துவிடக்கூடும் என்பதால், முதல் சில நாட்கள் பாலும் அவித்த முட்டையும் கொடுத்துக் குழந்தையைப்போல் பராமரிக்க வேண்டும். இவ்வளவு கண்காணிப்போடு வளர்த்தவரைப் பார்த்து இரக்கமற்றவர் என்று கூறிவிட முடியுமா? அவருக்கு அந்தப் பறவையின் முகம் தெரியும். கடையில் உறைந்த பொட்டலமாக வாங்குகிற நமக்குத்தான் தெரியாது.

இவ்விரு கட்சிகளும் தமிழுக்குப் புதியவை அல்ல. பொருநராற்றுப்படையில், கரிகாற் சோழன் அளித்த இறைச்சியை இரவும் பகலும் தின்று தின்று, கொல்லை நிலத்தை உழுத கொழுவைப்போல் தங்கள் பல் தேய்ந்துவிட்டதாகப் பொருநர் கூறுவதாக முடத்தாமக் கண்ணியார் பாடினார். சேரமான் செல்வக் கடுங்கோ, அந்தணரான கபிலரின் கையைப் பற்றி, இது மென்மையாக இருக்கிறதே என்று வியந்தபோது, ஊனும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு தொழில் அறியாத கை என்று அப்புலவர் விடையிறுத்தார். உண்டவர் நன்றியோடு சிரித்த சிரிப்பு அது. அந்தச் சிரிப்பில் கூச்சம் இல்லை. மறுபுறம், திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவ்விரண்டும் 26-ஆம், 33-ஆம் அதிகாரங்களாகத் துறவறவியலில் நிற்கின்றன; விருந்தோம்பலும் செய்ந்நன்றியறிதலும் 9-ஆம், 11-ஆம் அதிகாரங்களாக இல்லறவியலில் நிற்கின்றன. எல்லா வீட்டினர்க்கும் நன்றியை முதற்கடமையாக வைத்து, அதிலிருந்து கருணையின் உச்சி வரையில் ஏறிச் செல்லும்படி அப்பெருமான் படி கட்டியிருக்கிறார் என்றே நான் கொள்கிறேன். கீழ்ப்படியில் நிற்பவனை வசைபாடி மேலே ஏற்றிவிட முடியாது; அவன் நிற்கும் படியிலிருந்தே அவனை அழைக்க வேண்டும்.

அவ்வாறு அழைத்த மகான் ஒருவர் நமக்கு அண்மையிலேயே வாழ்ந்தார். புதுச்சேரிக்குத் தென்மேற்கே உள்ள வடலூரில், 1867 மே 23-ஆம் தேதி இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையை நிறுவி ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து பசித்தவர்க்குச் சோறிட்டு வருகிறது. கொலையையும் புலாலையும் அவரைப்போல் கண்டித்தவர் அரியர். ஆயினும் புலால் உண்பவன் பசித்து வந்தால் அவன் பசியையும் நீக்கியே ஆக வேண்டும் என்பதை அவர் விதியாகச் சொன்னார். ஜீவகாருண்யம் என்பது பறவையிடம் இரங்கி மனிதனை வெறுப்பதன்று என்பதற்கு இதனினும் சிறந்த பிரமாணம் வேண்டுமோ? நம் நகரத்திலேயே, அரவிந்தர் ஆசிரமத்தின் போஜனசாலையில் சைவ உணவும், சில தெருக்களுக்கு அப்பால் பிரெஞ்சு விடுதிகளில் மாமிச உணவும் நாள்தோறும் பரிமாறப்படுகின்றன. இரண்டு பந்தியாரும் மாலையில் ஒரே கடற்கரையில் உலாவுகிறார்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, அதற்கு முதல் உருண்டை ஊட்டுகிற நம் வீடுகளுள் பலவற்றில், மறுநாள் ஆட்டுக்கறி சமைக்கப்படுவதும் உண்டு. ஆகையால் அமெரிக்கரைப் பார்த்துப் பேசும் உரிமை, நம்மையும் சேர்த்துப் பேசினால்தான் நமக்கு உண்டு.

என் முடிவு இது. நன்றித் திருநாளின் உயிர் நன்றியே, வான்கோழி அன்று. பறவை இல்லாத மேஜையிலும் அவ்விழா முழுமையானதே. ஆனால் பறவையை மேஜையில் வைத்துக்கொண்டு நன்றி கூறுபவர், கடவுளுக்கும் மழைக்கும் மனிதர்க்கும் கூறியபின், தமக்காக உயிர் நீத்த அந்தப் பிராணிக்கும் ஒரு நன்றி கூறக் கடமைப்பட்டவர். அந்த நன்றி வாய்ச்சொல்லோடு நில்லாமல் செயலில் தெரிய வேண்டும். உயிரோடு இருந்த நாளில் அதற்கு நடமாட மண்ணும் வெயிலும் கிடைத்தனவா என்று விசாரித்து வாங்குதல், துன்பம் நீடிக்காத முடிவை அதற்கு அளித்தல், உண்ணும் அளவுக்கு மேல் வாங்கிக் குப்பையில் கொட்டாதிருத்தல் ஆகிய மூன்றும், மாமிசம் உண்பவர் எவரும் இன்றே செய்யக்கூடியவை. இவற்றைச் செய்ய மனம் வராதவர் அந்தப் பறவையைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையையும் இழந்துவிடுகிறார். உண்ணாமல் விலகுகிறவர், தம் கருணையை அயலானைத் தூற்றும் ஆயுதமாக்காமல் இருத்தலே அக்கருணைக்கு அழகு.

அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் பெரியவர் செய்தது சிறிய காரியம். பேத்தியை அதட்டவில்லை, விருந்தையும் நிறுத்தவில்லை, அவள் சொன்னதைச் செவி கொடுத்துக் கேட்டார். இந்த ஆண்டு பொங்கலிலோ, தீபாவளியிலோ, கிறிஸ்துமஸிலோ, ரம்ஜானிலோ, உங்கள் வீட்டுப் பந்தியில் ஒரு குழந்தை இறைச்சித் தட்டை அப்பால் நகர்த்தி வைத்தால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள், அது சொல்லி முடிக்கும் வரையில் காத்திருங்கள்.